வழுவும் வழுவமைதியும்

பைத்தான் நிரல்மொழியிடம் ‘தமிழ்’ என்று எழுதிக் கொடுத்து, இதிலுள்ள சொற்களைப் பிரித்துத் தா என்று கேட்டால் இரண்டு சொற்கள் இருப்பதாகச் சொல்லும். ஒன்று ‘தம’, இன்னொன்று ‘ழ’. ‘அம்மா’வைக் கொடுத்தால் ‘அம’, ‘ம’ என்று வரும். ‘வணக்கம்’ ‘வணக’, ‘கம’ ஆகிவிடும். ‘மரம்’ ஓரளவு தப்பிக்கிறது, புள்ளியை மட்டும் பறிகொடுத்து ‘மரம’வாக. பைத்தானோடு வரும் தேடல் நூலகத்தில் ‘சொல்லில் வரும் எழுத்து’ என்பதற்கு ஒரு குறி உண்டு. பின்சாய்கோடு போட்டு டபிள்யூ எழுத வேண்டும். அந்தக் குறியின் கணக்கில் ககரமும் மகரமும் எழுத்து. காலும் கொம்பும் புள்ளியும் எழுத்தல்ல. எழுத்தல்லாத ஒன்று வந்துவிட்டால் சொல் அங்கே முடிந்தது.

இது யாரும் கவனிக்காத நிரல்பிழை, அதாவது பக், அல்ல. பைத்தானின் பிழைப் பதிவேட்டில் 2007-லேயே பதிவாகிவிட்டது, எண் 1693050. பதிந்தவர் காட்டிய எடுத்துக்காட்டு தேவநாகரியில் இருந்தது, ஆனால் நோய் நமக்கும் அதேதான். அந்தப் பதிவு இதுவரை மூன்று வீடுகளைப் பார்த்திருக்கிறது. அது குடிபோன வீடுகளைப் பின்தொடர்ந்தால் பைத்தானில் பக் சொல்லும் வழக்கம் மாறிய கதை முழுக்க வந்துவிடும்.

முதல் வீட்டுக்கும் முந்தைய காலத்திலிருந்து தொடங்குகிறேன். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில், ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்த கீடோ வான் ராசம் பைத்தானை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் அதை யூஸ்நெட்டில் துண்டு துண்டாக ஏற்றி உலகுக்குக் கொடுத்தார். பெற்றுக்கொண்டவர்கள் துண்டுகளை ஒட்டி, தங்கள் கணினியில் கம்பைல் செய்து பார்த்தார்கள். ஏதாவது உடைந்தால் கீடோவுக்கு ஒரு மின்னஞ்சல் போடுவார்கள். திருத்தம் தெரிந்தவர்கள் பழைய வரியையும் புதிய வரியையும் அருகருகே காட்டும் பேட்ச் ஒன்றைச் சேர்த்து அனுப்புவார்கள். பதிவேடும் கிடையாது, எண்ணும் கிடையாது. ஊர்ப் பெரியவரிடம் வழக்கைச் சொல்லிவிட்டு வருவது போலத்தான். அவர் சரி என்றால் அடுத்த வெளியீட்டில் திருத்தம் இருக்கும். இல்லையென்றால் ‘அப்படித்தான் இருக்கணும்’ என்று ஒரு பதில் வரும். தீர்ப்பு விரைவாகக் கிடைத்தது. பெரியவர் ஒருவர்தானே.

ஊர் பெருத்ததும் அந்த முறை தாங்கவில்லை. கீடோ அமெரிக்காவுக்கு, வர்ஜீனியா மாநிலத்தின் சிஎன்ஆர்ஐ நிறுவனத்துக்குப் போன பிறகு, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் சாம்பா திட்டத்துக்காக எழுதிய ஜிட்டர்பக் என்ற பதிவேட்டைப் பைத்தானும் சில காலம் வைத்திருந்தது. 2000-ல் சோர்ஸ்ஃபோர்ஜுக்குக் குடிபோனார்கள். நம் 1693050 பிறந்த வீடு அதுதான். எண் ஏழு இலக்கத்தில் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது அந்தக் கட்டடத்தில் குடியிருந்த எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான டோக்கன் வரிசை. பைத்தானில் பதினாறு லட்சம் பிழைகள் இருந்ததில்லை.

சோர்ஸ்ஃபோர்ஜில் கோப்பு இணைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. கோப்பைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் போதாது, அந்தக் கட்டத்தையும் டிக் செய்ய வேண்டும். மறந்தால் கோப்பு சத்தமில்லாமல் காணாமல் போகும். இரவு முழுக்க உட்கார்ந்து பேட்ச் எழுதியவர் பெருமையோடு சமர்ப்பிப்பார். மறுநாள் ‘கோப்பு வரவில்லை, கட்டத்தை டிக் செய்யுங்கள்’ என்று பதில் வந்திருக்கும். இதே பதிலை ஒட்டி ஒட்டிப் பைத்தான்காரர்களுக்குக் கை ஓய்ந்துபோனது. பிழை சொல்ல வந்த இடத்திலேயே ஒரு பிழை உட்கார்ந்திருந்தது, அதைத் திருத்தும் உரிமையோ இவர்களிடம் இல்லை.

பதிவேடு வந்துவிட்டது, பதிவுகளைப் பார்க்க ஆள் வரவில்லை. பேட்ச்கள் மாதக்கணக்கில் கிடந்தன. அப்போது மார்ட்டின் வான் லூவிஸ் என்ற மையக் குழு உறுப்பினர் ஒரு பண்டமாற்றை அறிவித்தார். கிடப்பில் கிடக்கும் மற்றவர்களுடைய ஐந்து பேட்ச்களை நீங்கள் சோதித்துக் கருத்து எழுதினால், உங்களுடைய ஒன்றை நான் பார்த்துத் தருகிறேன் என்றார். பைத்தானின் மேலாண்மை வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த ஏற்பாடுதான். ஒரு காசு கை மாறவில்லை, ஒரு குழுவும் கூடவில்லை.

2006-ல் வேறு வீடு தேடினார்கள். ஜிரா, லாஞ்ச்பேட், ட்ராக், ரவுண்டப் என்று நான்கு போட்டியிட்டன. தேர்வுக் குழு முதலில் கைகாட்டியது ஜிராவைத்தான். ஆனால் ரவுண்டப்பைப் பராமரிக்கத் தன்னார்வலர்கள் முன்வந்ததால் முடிவு மாறியது. ரவுண்டப் பைத்தானிலேயே எழுதப்பட்டது என்பது வீட்டுச் சாப்பாடு போல ஒரு நிம்மதி. 2007 ஆகஸ்ட் கடைசியில் குடியேறினார்கள், புதிய பதிவுகளுக்கு எண்கள் ஆயிரத்திலிருந்து ஓடத் தொடங்கின. நம் 1693050 பழைய எண்ணோடேயே உள்ளே வந்தது.

புதுவீட்டுக்குப் போன சில நாட்களிலேயே 1044 வந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டும் ‘டார்’ வடிவத்தைப் பிரிக்கப் பைத்தானில் ஒரு நூலகம் இருக்கிறது. மூட்டைக்குள் ஒவ்வொரு கோப்பின் பெயரும், அது எங்கே போய் உட்கார வேண்டும் என்பதும் எழுதியிருக்கும். அந்த இடத்தில் ஒருவன் விஷமமாக ‘இரண்டு படி மேலே ஏறு, அங்கிருந்து கணினியின் முக்கியக் கோப்புறைக்குள் போ’ என்று எழுதி வைத்தால்? நூலகம் சொன்னபடி போய், அங்கிருக்கும் கோப்பை அழித்துவிட்டு இதை வைத்துவிடும். கொரியர் பையன் பொட்டலத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் வந்து பீரோவைத் திறந்து வைத்துவிட்டுப் போவது போல. இதைத்தான் 1044 சுட்டிக்காட்டியது. பேசிப் பார்த்துவிட்டு, நூலகம் செய்வது டார் வடிவத்தின் விதிப்படிதான், தவறில்லை என்று முடிவு செய்தார்கள். நம்பிக்கையில்லாதவர் தந்த மூட்டையைப் பிரிக்காதீர்கள் என்று ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை சேர்ந்தது. பதிவு மூடப்பட்டது.

பள்ளி இலக்கண வகுப்பில் வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று படித்திருப்போம். தவறு, தவறின்மை, தவறுதான் என்றாலும் காரணம் கருதி ஏற்றுக்கொண்டது. கொட்டிலுக்குத் திரும்பும் பசுவைப் பார்த்துப் பாட்டி ‘என் லட்சுமி வந்துட்டா’ என்றால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்னதற்கு யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை. பாசத்தால் வந்த வழுவமைதி. தமிழ்க் கணினிக்காரர்கள் பக் என்பதற்கு ‘வழு’ என்ற சொல்லை எடுத்தபோது இந்த மூன்றாவதும் கூடவே வரும் என்று நினைத்திருப்பார்களா, தெரியாது. ஆனால் நிரல்மொழி உலகில் பாதி வழக்குகள் முடிவது வழுவமைதியில்தான். பிற்கால ரவுண்டப்பில் ஒரு பதிவை மூடக் காரணம் கேட்கும் பட்டியல் உண்டு: ‘பக் அல்ல’, ‘திருத்தமாட்டோம்’, ‘என்னிடம் சரியாகத்தான் ஓடுகிறது’. 1044-க்குக் கிடைத்தது அப்படியொரு வழுவமைதி.

2014-ல் ஒருவர் அதே பிரச்சினையை மறுபடி பதிந்தார், பேச்சு நீண்டு அப்படியே நின்றது. 2022-ல் ட்ரெல்லிக்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேறெதையோ தேடப்போய் இதில் இடறினார்கள். முதலில் புதிய ஓட்டை என்று நினைத்தார்கள். பார்த்தால் 15 வருடப் பழசு. இதை நம்பி எழுதப்பட்ட திட்டங்கள் மூன்றரை லட்சம் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இந்த முறை ‘ஆவணத்தில் சொல்லியிருக்கிறோமே’ என்ற பதில் எடுபடவில்லை. பெட்ர் விக்டோரின் எழுதிய முன்மொழிவு ஏற்கப்பட்டு, 2023-ல் வந்த 3.12 பதிப்பு மூட்டையைப் பிரிக்கும்போது வடிகட்டும் வழியைத் தந்தது, 2025-ன் 3.14-ல் அந்த வடிகட்டிதான் இயல்புநிலை. (2025 ஜூனில் வடிகட்டியிலேயே ஓட்டைகள் கண்டு அடைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

2007-க்கும் 2022-க்கும் நடுவில் நூலகம் மாறவில்லை, டார் வடிவத்தின் விதியும் மாறவில்லை. 2007-ல் பைத்தானைப் பயன்படுத்தியவர் ஆவணத்தைப் படிப்பவர் என்று வைத்துக்கொள்ள முடிந்தது. 2022-ல் அதைப் பயன்படுத்தியவர்களில் பெரும்பாலோர் தாங்கள் அந்த நூலகத்தைப் பயன்படுத்துவதையே அறியாதவர்கள். எங்கோ ஆழத்தில் அவர்களுக்காக அது ஓடிக்கொண்டிருந்தது. வழுவமைதி என்பது சபையைப் பொறுத்தது, இங்கே சபை மாறிவிட்டது.

இதற்கு நேர் எதிரான வழக்கு 2015-ல் வந்தது. பைத்தானின் வரிசைப்படுத்தும் முறை 2002-ல் டிம் பீட்டர்ஸ் எழுதியது, டிம்சார்ட் என்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. ஜாவாவும் ஆண்ட்ராய்டும் அதைக் கடன் வாங்கிக்கொண்டன. ஓர் ஆய்வுக் குழு ஜாவாவின் நிரலை இயக்கிப் பார்க்காமல், அது சரிதான் என்று கணித முறையில் நிறுவ முயன்றது. நிறுவ முடியவில்லை, காரணம் அது சரியில்லை. இடையில் ஒரு விதி காக்கப்படுவதாக நிரல் நம்பியது, உண்மையில் காக்கப்படவில்லை. ஏறத்தாழ 6.7 கோடி உருப்படிகளைத் தக்க வரிசையில் அடுக்கிக் கொடுத்தால் ஜாவா விழுந்தது. பைத்தானில் அதே பிழை வெளிப்பட 5.6 கோடி கோடி உருப்படிகள் வேண்டும். அன்றைய மிகப் பெரிய சூப்பர் கணினியின் நினைவகத்திலும் அதற்கு இடமில்லை. யாருக்கும் எந்நாளும் நேராத பிழை, இருந்தும் பைத்தான் அதைத் திருத்தியது. அந்த ஆய்வுக் குழுவில் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐக்காரர்களும் இருந்தார்கள், பைத்தான் பிறந்த அதே நிலையம். 1991-ல் கம்பைல் செய்து உடைந்தால் கடிதம் போட்டார்கள், இப்போது உடைய வாய்ப்பே இல்லாத ஒன்றை நிறுவலில் பிடித்துச் சொல்கிறார்கள்.

வீட்டுக்கதைக்குத் திரும்புகிறேன். 2017 பிப்ரவரியில் நிரல் கிட்ஹப்புக்குப் போனது. பதிவேடு ரவுண்டப்பிலேயே தங்கிவிட்டது. ஐந்து வருடம் தட்டு ஒரு வீட்டில், சோறு ஒரு வீட்டில். பதிவேட்டையும் கிட்ஹப்புக்கு மாற்றச் சொல்லி மரியாட்டா விஜயா எழுதிய முன்மொழிவை 2019-ல் ஏற்றது ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு. கீடோ முந்தைய ஆண்டே தனி ஒருவராகத் தீர்ப்பு சொல்லும் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். 2022 ஏப்ரலில் பதிவுகள் எல்லாம் இடம் பெயர்ந்தன. நம் 1693050-க்கு ஒரு புதிய எண் கிடைத்தது, பழைய எண் முகவரி மாற்றக் குறிப்பு போல ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இன்று திருத்தம் அனுப்பினால் முதலில் எதிர்கொள்வது மனிதர் அல்ல. உரிம ஒப்பந்தம் போட்டாயா, பதிவு எண் எங்கே, மாற்றக் குறிப்பு எழுதினாயா என்று பாட்கள் கேட்கும். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றிலும் சோதனைகள் தானாக ஓடும். மையக் குழுவினர் ஒருவர் பார்த்து ஏற்றால், பழைய பதிப்புகளுக்கு அதை நகலெடுக்க இன்னொரு பாட் வரும். மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் படத்துப் பாத்திரங்கள்தான் பாட்களுக்குப் பெயர்: பெடிவியர் சோதிப்பான், மிஸ் இஸ்லிங்டன் நகலெடுப்பாள். 2021-ல் சம்பளத்துக்கு ஒரு முழுநேர உருவாக்குநரும் வந்தார். 2023-ல் பாதுகாப்புக்கென்று இன்னொருவர். வான் லூவிஸின் ஐந்துக்கு ஒன்று காலத்தோடு ஒப்பிட்டால் இது சொர்க்கம். ஆனாலும் திறந்து கிடக்கும் பதிவுகள் ஆயிரக்கணக்கில்.

அவற்றோடு புதிய ஒரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவிடம் ‘இதில் ஓட்டை கண்டுபிடி’ என்று சொல்லி, அது கற்பனை செய்ததை அப்படியே பாதுகாப்புப் புகாராக அனுப்புகிறார்கள். நல்ல மொழி, தெளிவான அமைப்பு, உள்ளே ஒன்றும் இல்லை. இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு நிபுணரின் அரை நாள் போகிறது. சோர்ஸ்ஃபோர்ஜ் காலத்தில் விளக்கம் கொச்சையாக இருக்கும், கோப்பு காணாமல் போயிருக்கும், ஆனால் உடைந்தது உண்மையிலேயே உடைந்திருக்கும். எனக்கு அந்தக் கொச்சைதான் மேல்.

‘தம’, ‘ழ’ விவகாரம் எங்கே நிற்கிறது? இன்றைய பைத்தானிலும் விடை அதேதான். இதிலொரு வேடிக்கை உண்டு. 2008-ல் வந்த 3.0 முதல் நிரலில் ஒரு மாறிக்குத் ‘தமிழ்’ என்றே பெயர் வைக்கலாம், பைத்தான் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். பெயர் வைக்கும் விதி யூனிக்கோடைப் பின்பற்றி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் சேர்த்துக்கொள்கிறது. சொல் தேடும் விதி சேர்த்துக்கொள்வதில்லை. ஆக ஒரே மொழிக்குள் ‘தமிழ்’ பெயராகும், சொல்லாகாது. ஏன் மாற்றவில்லை என்றால், மாற்றினால் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் விடைகள் மாறும் என்ற தயக்கம் என்றுதான் நினைக்கிறேன். பழகிப்போன வழு என்பதால் அமைதி.

மேத்யூ பார்னெட் என்பவர் தனியாக எழுதிப் பராமரிக்கும் ‘ரிஜெக்ஸ்’ என்ற வெளி நூலகம் இதை எப்போதோ சரிசெய்துவிட்டது. அதன் விளக்கக் குறிப்பில், சொல்லெழுத்தின் வரையறையை யூனிக்கோடுபடி விரித்திருக்கிறேன் என்ற வரிக்குப் பக்கத்தில் 1693050 என்று அந்தப் பழைய எண் அச்சாகியிருக்கிறது. தமிழில் சொல்லெண்ணிக்கை, அகராதி வேலை என்று பைத்தானைத் தொடுபவர்கள் முதலில் அதை நிறுவிக்கொள்வது நல்லது. ஒரே நிரலில் இரண்டு நூலகங்களையும் அழைத்து அடுத்தடுத்து ஓட்டினால் மேலே ‘தம’, ‘ழ’ என்று வரும், கீழே ‘தமிழ்’.