குறி சிறுத்தால் கை தயங்கும்

ஊசியில் நூல் கோர்ப்பவரின் கையைக் கவனித்துப் பாருங்கள். ஊசிப் பக்கம் வரும்வரை நூல் விறுவிறுவென்று வரும். காதை நெருங்கியதும் சட்டென்று வேகம் குறையும். கடைசி அரை சென்டிமீட்டரைக் கை ஊர்ந்துதான் கடக்கும். நூலுக்குச் சொல்லும்படி எடை இல்லை, தசைக்கும் வலுக் குறைவில்லை. பிறகு கையைப் பிடித்து நிறுத்துவது எது? அதை எண்ணால் அளந்து காட்டியவர் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, விமானிகள் ஒரு விசைக்குப் பதில் இன்னொன்றை ஏன் இயக்கிவிடுகிறார்கள் என்று அமெரிக்க விமானப்படைக்காக ஆராய்ந்தவர் அவர். பிறகு ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1954இல் அவர் வெளியிட்ட சோதனை, பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டுதான். மேசைமேல் இரண்டு உலோகப் பட்டைகள், கையில் ஒரு கோல். இந்தப் பட்டை, அந்தப் பட்டை என்று மாறி மாறி, குறி தவறாமல், முடிந்தவரை வேகமாகத் தட்ட வேண்டும். பட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம் 2, 4, 8, 16 அங்குலம் என்று மாறும். பட்டையின் அகலமும் கால், அரை, 1, 2 அங்குலம் என்று மாறும்.

கிடைத்த எண்களில் நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2 அங்குலத் தூரத்தில் கால் அங்குலப் பட்டை: ஒரு தட்டலுக்கு 0.392 விநாடி. 4 அங்குலத் தூரம், அரை அங்குலப் பட்டை: 0.372. 8 அங்குலம், 1 அங்குலப் பட்டை: 0.357. 16 அங்குலம், 2 அங்குலப் பட்டை: 0.388. முதல் ஆட்டத்தைவிடக் கடைசி ஆட்டத்தில் கை எட்டு மடங்கு தூரம் பாய்கிறது. அப்படியும் நான்கு நேரங்களுக்குள் உள்ள வித்தியாசம், ஒரு விநாடியை நூறாகப் பிரித்தால் அதில் நான்கு பங்குகூட இல்லை! தூரத்தோடு அகலத்தையும் அதே விகிதத்தில் பெருக்கினால் கைக்கு வேலை கூடுவதே இல்லை. கோலின் எடையை ஒரு அவுன்ஸிலிருந்து 16 அவுன்ஸாக ஏற்றியும் பார்த்தார் ஃபிட்ஸ். பதினாறு மடங்கு பாரம். நேரம் கொஞ்சம்தான் கூடியது.

பாரமோ தூரம் மட்டுமோ தீர்மானிக்கவில்லை என்றால், எது தீர்மானிக்கிறது? ஃபிட்ஸ் விடை தேடிய இடம்தான் அழகு. ஆறு ஆண்டுகளுக்கு முன், 1948இல், தொலைபேசிக் கம்பியில் எவ்வளவு செய்தி போகும் என்று கணக்கிட கிளாட் ஷானன் ஒரு கோட்பாட்டைத் தந்திருந்தார். அதில் அளவை பிட். ஆம், இல்லை என்ற ஒரே பதிலில் தீரும் ஐயம் ஒரு பிட். 1 முதல் 16 வரை நீங்கள் நினைத்த ஓர் எண்ணை நான் கண்டுபிடிக்க, பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே வந்தால் நான்கு கேள்வி போதும். அதாவது 4 பிட். ஃபிட்ஸ் கைக்கும் இதே கணக்கைப் போட்டார். தூரத்தை இரட்டித்துப் பட்டையின் அகலத்தால் வகுத்தால், மேலே சொன்ன நான்கு ஆட்டத்திலும் வருவது 16தான். நான்குமே 4 பிட் வேலைகள். தூரம் இரட்டித்தால் ஒரு பிட் கூடும். அகலம் பாதியானாலும் ஒரு பிட் கூடும். ஒவ்வொரு கூடுதல் பிட்டுக்கும் கை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடி கேட்டது. 1 பிட் வேலைக்கு 0.180 விநாடி, 7 பிட் வேலைக்கு 0.731. இதுதான் ஃபிட்ஸின் விதி. எலும்பும் தசையுமான ஒரு கையை, விநாடிக்குச் சுமார் 10 பிட் கடத்தும் கம்பியாகப் பார்க்க முடிந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

அந்தப் பத்தில் ஒரு பங்கு விநாடியில் உள்ளே என்ன நடக்கிறது? 1899இலேயே ராபர்ட் உட்வொர்த் இதைத் துருவியிருந்தார். மெட்ரோனோமின் தாளத்துக்கு ஏற்ப, ஒரே நீளத்தில் கோடுகள் இழுக்கச் சொன்னார். கண்ணைத் திறந்துகொண்டு நிதானமாக இழுத்தால் நீளம் பிசகவில்லை. கண்ணை மூடிக்கொண்டால் நிதானத்தால் பெரிய பயன் இல்லை. நிமிடத்துக்கு 140 கோடு என்ற வேகத்தை எட்டியதும் கண் திறந்திருப்பதும் மூடியிருப்பதும் ஒன்றாகிவிட்டது. கையசைவுக்கு இரண்டு கட்டங்கள் இருப்பதை அவர் கண்டுகொண்டார்: முதலில் குறியை நோக்கி ஒரு வீச்சு, பிறகு கண் பார்த்துச் சொல்லும் திருத்தம்.

திருத்தத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதை ஸ்டீவன் கீலும் மைக்கேல் போஸ்னரும் 1968இல் சோதித்தார்கள். கை புறப்பட்ட கணத்தில் அறை விளக்கை அணைத்துவிடுவார்கள். 190 மில்லி விநாடியில் முடிகிற வீச்சுக்கு, விளக்கு இருந்தாலும் அணைந்தாலும் ஒரே பலன். 260 மில்லி விநாடி எடுக்கும் வீச்சில் வெளிச்சம் கைகொடுத்தது. கண் கண்டதை மூளை கைக்குச் சொல்லிச் சேர்க்க, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் தேவைப்படுகிறது. அதற்குள் முடிந்துவிடும் அசைவு எதுவும், போகும் வழியில் கண்ணின் உதவி இல்லாமலே போய்ச் சேர்கிறது.

சரி, முதல் வீச்சையே துல்லியமாக வீசினால் என்ன? நரம்பு விடாது. மூளை தசைக்கு அனுப்பும் ஆணையில் எப்போதும் சிறு தடுமாற்றம் கலந்திருக்கும். பொறியாளர்கள் இதை இரைச்சல் என்பார்கள். ஆணை பலமாகப் பலமாக இரைச்சலும் பெருகும் என்ற அடிப்படையில் 1998இல் கிறிஸ்டோபர் ஹாரிஸும் டேனியல் வோல்பர்ட்டும் ஒரு கணக்கைப் போட்டார்கள். வேகமாக வீச பலமான ஆணை வேண்டும். பலமான ஆணை குறி பிசகும். இந்தப் பிசகு மிகக் குறையும்படி கையை எப்படி நகர்த்துவது என்று கணக்கிட்டால், மனிதக் கை இயல்பாகப் போகும் அதே வழுவழுப்பான பாதையும் ஃபிட்ஸின் விதியும் சேர்ந்தே வெளிவந்தன.

பட்டையும் கோலும் இருந்த இடத்துக்குப் பிறகு கணினித் திரை வந்தது. 1978இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் கார்டும் இரு சகாக்களும் மவுஸ், ஜாய்ஸ்டிக், அம்பு விசைகள் ஆகியவற்றைப் போட்டிக்கு விட்டார்கள். வென்றது மவுஸ். அதைவிட முக்கியம், மவுஸுக்குக் கிடைத்த வேகம் வெறுங்கையின் வேகத்துக்கு வெகு அருகில் இருந்தது. தடை கருவியில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் மனிதரிடம் என்று ஆனது. இனி வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் குறியைத்தான் மாற்ற வேண்டும். ஆப்பிள் மேக் கணினியில் மெனுப் பட்டை திரையின் உச்சி விளிம்பை ஒட்டி நிற்பது இதற்கு நல்ல உதாரணம். அம்புக்குறி விளிம்பைத் தாண்டாது என்பதால் எவ்வளவு வேகமாக மேலே தள்ளினாலும் பட்டையில்தான் போய் நிற்கும். பார்வைக்கு ஒல்லியான பட்டைதான். கைக்கோ அதன் உயரத்துக்கு முடிவே இல்லை.

கைபேசியில் சிக்கல் இன்னும் கூடுதல்; விசை விரல் நுனியைவிடச் சிறியது. 2007இல் வந்த ஐபோனின் விசைப்பலகை இதற்கு ஒரு வழி கண்டது. ஆங்கிலத்தில் டி, எச் என்று தட்டியவுடன் அடுத்து ஈ வர வாய்ப்பு அதிகம். உடனே ஈ எழுத்தைச் சுற்றி விரலை ஏற்கும் பரப்பு விரிகிறது. பக்கத்து விசைகளின் பரப்பு சுருங்குகிறது. திரையில் தெரியும் படத்தில் எந்த விசையும் அளவு மாறுவதில்லை. அடுத்த எழுத்து எது என்ற ஐயத்தில் ஒரு பகுதியை மென்பொருளே ஊகித்துத் தீர்த்துவிடுவதால், அத்தனை துல்லியத்தை விரல் சுமக்க வேண்டியதில்லை.