முள்வேலிக்குள் உருண்ட பந்து

ஸ்டீவ் புளூமர் இங்கிலாந்துக்காக 23 ஆட்டங்களில் 28 கோல்கள் அடித்தவர். ஓய்வுபெற்றபின், 1914 ஜூலையில் உதைபந்தாட்டப் பயிற்றுநராக பேர்லின் சென்றார். சில வாரங்களில் முதலாம் உலகப் போர் வெடித்தது.

பிரித்தானியர் என்பதே குற்றமாகி, ரூலெபென் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். அது குதிரைப் பந்தயத் திடல். லாயங்களிலேயே கைதிகள் படுத்தார்கள். 4,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் அங்கிருந்தனர். அவர்கள் தமக்குள் அணிகள் அமைத்துப் போட்டிகள் நடத்தினர். புளூமரும் விளையாடினார்.

1918இல் விடுதலையானவர், பின்னர் ஸ்பெயினின் ரியல் யூனியன் கழகத்தைப் பயிற்றுவித்தார். 1924இல் அக்கழகம் ரியல் மட்ரிட்டை வென்று அரசர் கிண்ணத்தைக் கைப்பற்றியது.

விளையாடினார்கள் என்பதை வைத்து, முகாம் வாழ்க்கை நன்றாகத்தானே இருந்தது என்று சிலர் சொல்லக்கூடும். நான் அப்படிப் பார்க்கவில்லை. பந்து உருண்டது; வாயில் திறக்கவில்லை. புளூமரிடமிருந்து பறிக்கப்பட்ட மூன்று ஆண்டுகளுக்கும் மேலான காலத்தை எந்தக் கிண்ணமும் ஈடுசெய்யாது.