கரி படிந்த கைகளுக்கு ஒரு நூதனசாலை

நூதனசாலை என்றதும் நம்மவர் மனக்கண்ணில் தோன்றுவன மன்னர்தம் முடியும் வாளும், செப்பேடும் சிலையுமே. விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போதும் அரண்மனைகளையும் பெருந் தேவாலயங்களையுமே நாடுகின்றோம். ஆயின் நாம் வாழும் ஜேர்மனியின் ரூர்ப் பிரதேசத்துப் பெருநகரங்களாகிய எசன், டோட்முண்ட், போஹூம் ஆகியவற்றின் பெயர்பெற்ற நூதனசாலைகள் பல வேறொரு வகையின. அங்கே பேணப்படுவது தொழிலாளியின் விளக்கும் தலைக்கவசமும் அவன் உழைத்த இடமுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இப்பிரதேசத்தின் பெரும்பகுதி வயலும் சிற்றூருமாகவே இருந்தது. நிலத்தடியில் நிலக்கரி தோண்டப்பெற்ற பின்னரே ஊர்கள் நகரங்களாயின. வேலை தேடிப் போலந்து மொழி பேசுவோரும் கிழக்குப் பிரசிய மக்களும் வந்து குவிந்தனர். 1955இல் இத்தாலியுடனும் 1961இல் துருக்கியுடனும் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டு, அந்நாடுகளிலிருந்தும் தொழிலாளர் அழைக்கப்பட்டனர். மாணவர்களே, உங்கள் வகுப்பில் 'ஸ்கி' என்று முடியும் குடும்பப் பெயருடையோர் இருப்பின், அவர்தம் பூட்டன்மாரும் ஒரு காலத்தில் இங்கு மொழி தெரியாது வந்திறங்கியவர்களாக இருக்கலாம்.

1958ஆம் ஆண்டளவில் எண்ணெயும் இறக்குமதி நிலக்கரியும் மலிந்தன. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. 2018 டிசம்பர் 21ஆம் நாள் பொட்றொப் நகரில் இறுதிக் கரித்துண்டு மேலே கொண்டுவரப்பட்டு நாட்டின் சனாதிபதியிடம் கையளிக்கப்பட்டது. கைவிடப்பட்ட கட்டடங்களை என்ன செய்வது? இடித்துவிடுவதே முதலிற் பலருடைய எண்ணமாக இருந்தது. டோட்முண்டில் உள்ள சொலர்ன் சுரங்கத்தின் இயந்திர மண்டபத்திற்கும் 1969இல் அந்நிலையே வரவிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரும்பாலும் வண்ணக் கண்ணாடியாலும் அமைந்த அழகிய மண்டபம் அது. கலைஞர் சிலரும் கட்டடக்கலை அறிந்தோரும் குரலெழுப்பினர், மண்டபம் தப்பியது. தொழிற்சாலைக் கட்டடமும் பாதுகாக்கத்தக்க வரலாற்றுச் சின்னமே என்ற எண்ணம் இந்நாட்டில் வேரூன்றியது அதன் பின்னர்தான் என்பர்.

அங்கு செல்வோர் தொழிலாளர் உடைமாற்றிக் குளித்த மண்டபத்தை அவசியம் பார்த்தல் வேண்டும். ஒவ்வொருவரும் தம் உடையைக் கொளுவியில் மாட்டிச் சங்கிலியால் கூரைவரை இழுத்துப் பூட்டிவிடுவர். மேலே உள்ள வெப்பக் காற்றில் ஈர உடை உலரும். கீழே இடமும் மிஞ்சும். எளிய ஏற்பாடுதான். எனினும் நூற்றுக்கணக்கானோரின் உடைகள் தலைக்கு மேலே தொங்கிய காட்சியை எண்ணிப் பார்த்தால் அவ்வாழ்க்கை ஓரளவு விளங்கும்.

எசன் நகரின் சொல்பெறைன் இவற்றுள் மிகப் பெரிது. 1847இல் அங்கு தோண்டத் தொடங்கினர். 1932இல் இயங்கத் தொடங்கிய அதன் பன்னிரண்டாம் சுரங்கக் குழியிலிருந்து நாளொன்றுக்கு 12,000 தொன் நிலக்கரி வெளிவந்தது. 1986இல் சுரங்கம் மூடப்பட்டது. 2001இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. 2010 முதல் ரூர் நூதனசாலை அங்குள்ள கரி கழுவும் ஆலையில் இயங்குகின்றது. நீரிலே கல் கீழே தங்கும். கரி கல்லினும் பாரம் குறைந்ததாதலால் மேலே நிற்கும். அவ்வாறே இரண்டையும் பிரித்தனர். கரி உச்சிக்கு ஏற்றப்பட்டுத் தளந்தளமாக இறங்கியது. பார்வையாளரும் நீண்ட நகரும் படிக்கட்டில் மேலேறி, பின்னர் கீழே இறங்கி வருகின்றனர். பௌதிகம் படிக்கும் மாணவர்க்கு இது நல்லதொரு பாடம். நாசி ஆட்சிக் காலத்தையும் இந்நூதனசாலை மறைக்கவில்லை. போர்க் கைதிகளும் பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டோரும் இப்பிரதேசத்துச் சுரங்கங்களில் வதைபட்டனர் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நன்று.

சிறுவர்க்குப் பெரிதும் பிடிப்பது போஹூமில் 1930இல் நிறுவப்பட்ட சுரங்கத்தொழில் நூதனசாலை. அதன் அடியில் ஏறக்குறைய 20 மீற்றர் ஆழத்திற் சுரங்கப் பாதைகள் உள்ளன. அவை காட்சிக்கென்றே அமைக்கப்பட்டவை. மெய்ச் சுரங்கங்களோ ஆயிரம் மீற்றருக்கும் கீழே சென்றன. டோட்முண்டில் 1993இல் திறக்கப்பட்ட 'டாசா' தொழிலுலகக் கண்காட்சி, அச்சகம், நெசவு முதலிய வேலைத்தலங்களைக் காட்டுகின்றது. டுயிஸ்புர்க்கில் 1985இல் அணைந்த இரும்புருக்காலை பூங்காவாகிவிட்டது. அனுமதிக் கட்டணமில்லை, ஊதுலையின் உச்சிவரை ஏறலாம்.

ஹம் நகரை நம்மவர் அறிவர். 2002இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயத்தின் தேர்த்திருவிழாவுக்கு ஆண்டுதோறும் திரளுகின்றோம். அந்நகரின் ராட்பொட் சுரங்கத்தில் 1908 நவம்பரில் நிகழ்ந்த வெடிவிபத்தில் சுமார் 350 பேர் மாண்டனர் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

இவற்றை இவ்வளவு விரித்துரைக்கக் காரணம் உண்டு. தந்தையின் தொழில் யாதென வகுப்பிற் கேட்டால் நம் பிள்ளைகள் சிலர் தலைகுனிகின்றனர். உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையின் இரவுப் பணியிலும் கழிந்த நம் ஆண்டுகளை நாமும் வீட்டிற் பேசுவதில்லை. வந்தபோது கொண்டுவந்த பையையும், முதல் வேலை ஒப்பந்தத்தையும், ஊரிலிருந்து வந்த நீலநிற வான்கடிதங்களையும் வீடு மாறும்போது குப்பையில் இடுகின்றோம். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 90,000இற்கும் மேற்பட்ட நூல்களைத் தீக்கிரையாகக் கொடுத்தவர்கள் நாம். எஞ்சியதை நம் கையாலேயே எறிதல் தகுமா?

ஆகவே உயர்வகுப்பு மாணவர்க்கு இவ்விடுமுறையில் ஒரு பணி தருகின்றோம். மேற்கூறியவற்றுள் ஒன்றைப் பெற்றோருடன் சென்று பாருங்கள். வரும் வழியில், இந்நாட்டில் அவர்கள் செய்த முதல் வேலை, எழுந்த நேரம், பெற்ற கூலி ஆகியவற்றைக் கேட்டு இரண்டு பக்கம் தமிழில் எழுதி வாருங்கள். பெரும்பாலான நூதனசாலைகள் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். சொல்பெறைனில் முன்னாட் சுரங்கத் தொழிலாளர் சிலரும் வழிகாட்டியிருக்கின்றனர். அத்தகையோர் ஒருவர் கிடைத்தால் கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். வணக்கம் கூற 'குளுக்கவுப்' என்னுங்கள். அதுவே சுரங்கத்தாரின் வாழ்த்து.