ஒரே நாளில் 41 மெட்ரோ நிலையங்கள்: சதுரங்கப்பட்டினத்திலிருந்து கிளம்பினால் முடியுமா?

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இருக்கிறது. பக்கத்துக் கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. ரயில் மட்டும் இல்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடற்கரையோரமாகத் தண்டவாளம் போடும் திட்டம் பல வருடங்களாகப் பேச்சோடு நிற்கிறது. சதுரங்கப்பட்டினத்திலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, சென்னை மெட்ரோவின் முதல் கட்டத்தில் இருக்கும் அத்தனை நிலையங்களையும் தொட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியுமா? தாராளமாக முடியும். எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதுதான் சூட்சுமம்.

வேலைவெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று இதை ஒதுக்க வேண்டாம். லண்டன் பாதாள ரயிலின் எல்லா நிலையங்களையும் மிகக் குறைந்த நேரத்தில் சுற்றி வரும் போட்டி 1959 முதல் கணக்கில் இருக்கிறது. அங்கே 270 நிலையங்கள் இருந்த காலத்தில், 2015 மே மாதம், ஆண்டி ஜேம்ஸ், ஸ்டீவ் வில்சன் என்ற இருவர் 15 மணி 45 நிமிடங்களில் சுற்றி முடித்தார்கள். நியூயார்க்கில் 1967-லேயே எம்.ஐ.டி.யின் பீட்டர் சாம்சனும் நண்பர்களும் கணினியிடம் வழி கேட்டுக்கொண்டு புறப்பட்டார்கள். அவர்களுக்கு 26 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆனது. நம் நாட்டில் தில்லிதான் முன்னோடி. அந்த மெட்ரோவின் ஊழியர் ஒருவர் 2021-இல் 254 நிலையங்களை 16 மணி 2 நிமிடங்களில் தொட்டுக் கின்னஸில் இடம்பிடித்தார். தில்லியிலேயே இன்னொருவர் 15 மணி 22 நிமிடங்களில் முடித்திருந்ததைக் கின்னஸ் பிறகு ஏற்றுக்கொண்டது.

விதிகள் கேட்பதற்கு எளிது. ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கி ஏற வேண்டியதில்லை. நாம் இருக்கும் ரயில் அங்கே நின்றால் போதும். நிற்காமல் கடந்துபோனால் கணக்கில் சேராது. ஒரு பாதையிலிருந்து இன்னொரு பாதைக்குப் போக நடக்கலாம், ஓடலாம், எல்லோரும் ஏறும் பேருந்திலோ ரயிலிலோ போகலாம். ஆட்டோ, டாக்ஸி, சொந்த வண்டி கூடாது. ரயில் வந்த நேரம், கதவு திறந்த நேரம், மூடிய நேரம் எல்லாவற்றையும் நோட்டில் குறிக்க வேண்டும். சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். லண்டன்காரர்கள் இரண்டு பாதைகளின் முனைகளுக்கு நடுவே மூச்சிரைக்க ஓடுவது இந்த 'நடக்கலாம்' விதியை நம்பித்தான். நமக்கும் கைகொடுக்கப்போவது இதே விதிதான்.

சென்னைக்கு வருவோம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே முதல் ரயில் ஓடியபோது இருந்தவை ஏழே நிலையங்கள். அன்றைக்கு இந்தச் சாதனையை ஒரு காபி ஆறுவதற்குள் செய்திருக்கலாம்! 2019 பிப்ரவரியில் முதல் கட்டம் முழுமை பெற்று 32 நிலையங்கள் ஆயின. பிறகு வண்ணாரப்பேட்டையிலிருந்து வடக்கே நீண்டு, 2022 மார்ச்சில் விம்கோ நகர் பணிமனை நிலையமும் திறந்தபோது 41 ஆனது. நீலப் பாதையில் விம்கோ நகர் பணிமனை முதல் விமான நிலையம் வரை 26. பச்சைப் பாதையில் சென்ட்ரல் முதல் பரங்கிமலை வரை 17. சென்ட்ரலும் ஆலந்தூரும் இரண்டுக்கும் பொது.

இரண்டே பாதை, இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். ஒரு தாளில் வரைந்து பாருங்கள். சென்ட்ரலிலிருந்து பாதை மூன்றாகப் பிரிகிறது: வடக்கே விம்கோ நகர், தெற்கே அண்ணா சாலை, மேற்கே எழும்பூர். ஆலந்தூரில் நான்கு கிளைகள்: கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல், பரங்கிமலை, நங்கநல்லூர் சாலை. சிக்குக் கோலத்தைக் கை எடுக்காமல் ஒரே இழையில் முடிப்பதுபோல இந்தப் படத்தின் மேல் பேனாவை ஓட்டிப் பார்த்தால் எங்கேயாவது முட்டிக்கொள்ளும். போட்ட கோட்டின் மேலேயே திரும்பி வர வேண்டியிருக்கும்.

காரணத்தை 1736-இல் ஆய்லர் என்ற கணித மேதை சொல்லிவிட்டார். கோனிக்ஸ்பெர்க் நகரத்தின் ஏழு பாலங்களையும் தலா ஒரே ஒரு முறை மட்டும் கடந்து ஊரைச் சுற்ற முடியுமா என்பது அவர் முன் வந்த கேள்வி. ஒற்றைப்படை எண்ணிக்கையில் வழிகள் சேரும் சந்திப்புகள் இரண்டுக்கு மேல் இருந்தால் முடியாது என்று அவர் காட்டினார். நம் படத்தில் அப்படிப்பட்டவை நான்கு. விம்கோ நகர் பணிமனை, விமான நிலையம், பரங்கிமலை ஆகிய முனைகளில் தலா ஒரு வழி, சென்ட்ரலில் மூன்று. ஆகவே மெட்ரோவுக்குள்ளேயே இருந்தால் எங்கேயாவது போன வழியே திரும்பித்தான் ஆக வேண்டும்; குறைந்த சுற்றில் முடிக்க வேண்டுமானால் ஆலந்தூருக்கும் விமான நிலையத்துக்கும் நடுவிலும், ஆலந்தூருக்கும் பரங்கிமலைக்கும் நடுவிலும்.

இந்த இடத்தில் பழைய மின்சார ரயில் உதவிக்கு வருகிறது. பரங்கிமலையில் மெட்ரோவும் புறநகர் ரயிலும் ஒட்டியே இருக்கின்றன. அங்கிருந்து தாம்பரம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் பழவந்தாங்கல், மீனம்பாக்கம், அடுத்தது திரிசூலம். திரிசூலத்தில் இறங்கி ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் விமான நிலைய மெட்ரோ. இந்த மூன்று நிறுத்தத் துண்டைப் படத்தில் சேர்த்ததும் பரங்கிமலைக்கும் விமான நிலையத்துக்கும் இரண்டிரண்டு வழிகள் ஆகிவிடுகின்றன. ஒற்றைப்படையாக மிஞ்சுபவை சென்ட்ரலும் விம்கோ நகர் பணிமனையும். ஒன்றில் தொடங்கி மற்றதில் முடிக்க வேண்டியதுதான். சென்ட்ரலை நீலப் பாதை எப்படியும் தொடும் என்பதால் ஒரு நிலையம் தள்ளி எழும்பூரிலேயே தொடங்கலாம்.

எழும்பூரிலிருந்து பச்சைப் பாதையில் பரங்கிமலை வரை 16 நிலையங்கள். நடுவில் மின்சார ரயில். பிறகு விமான நிலையத்திலிருந்து நீலப் பாதையில் விம்கோ நகர் பணிமனை வரை 26. இரண்டிலும் வரும் ஆலந்தூரைக் கழித்தால் சரியாக 41. மெட்ரோவுக்குள் ஒரு இடத்தில்கூட வண்டி மாற வேண்டியதில்லை. மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தைச் சேர்த்தால் போன வழியே திரும்புவதைவிட இது வேகமானது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் என் ஓட்டு இதற்குத்தான். 1931-இல் கடற்கரை-தாம்பரம் தடத்தில் மின்சாரத்தில் ஓடத் தொடங்கிய ரயில், புதிய மெட்ரோவின் முடிச்சை அவிழ்க்கிறதே!

சதுரங்கப்பட்டினத்துக்காரருக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் செங்கல்பட்டு வந்தால், கடற்கரை போகும் மின்சார ரயில் நேராக எழும்பூரில் கொண்டுவந்து விடும். வழியில் திரிசூலமும் பரங்கிமலையும் வரும்; 'இங்கேயே இறங்கி மெட்ரோவைப் பிடிக்கலாமே' என்று கால் பரபரக்கும். இறங்கினால் கணக்கு கெட்டது.

செலவு பெரிதல்ல. சென்னை மெட்ரோவில் ஒரு பயணத்துக்கு உச்சக் கட்டணமே 50 ரூபாய்தான். மின்சார ரயிலுக்கு 5 ரூபாய். எழும்பூரில் ஏறியதிலிருந்து காத்திருப்பு உட்பட மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும். ஆனால் வண்டியின் முகப்புப் பலகையைப் பார்த்து ஏறுங்கள். சில வண்டிகள் வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிடும். விமான நிலையத்திலிருந்து கோயம்பேடு வழியாகச் சென்ட்ரல் போகும் வண்டியில் தவறி ஏறினால் கிண்டி முதல் அண்ணா சாலை வரை மொத்தமும் விட்டுப்போகும். ஒரு டிக்கெட்டில் உள்ளே இருக்க நேர வரம்பு உண்டு என்பதால் நடுவில் நடைமேடையில் உட்கார்ந்து கதை பேச வேண்டாம். மெட்ரோ ரயிலுக்குள் சாப்பிடவும் அனுமதி இல்லை. கட்டுச்சோற்றைத் திரிசூலத்தில் முடித்துக்கொள்ளலாம்.

உண்மையைச் சொன்னால், இந்த 41 நிலையச் சுற்று லண்டன், தில்லிச் சுற்றுகளுக்கு முன்னால் வெறும் பயிற்சி ஆட்டம். ஏறத்தாழ 119 கிலோமீட்டர் நீள இரண்டாம் கட்டம் முழுதாக ஓடத் தொடங்கினால்தான் அசல் ஆட்டம். மாதவரம், சிறுசேரி, சோழிங்கநல்லூர், கலங்கரை விளக்கம், பூந்தமல்லி எனப் புதிய முனைகள் வந்துவிடும். போதாக்குறைக்கு விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு நீட்டிக்கும் 15.46 கிலோமீட்டர் திட்டமும் இருக்கிறது. அப்போது பேனாவும் தாளும் போதாது. சாம்சனைப்போல நாமும் கணினியைத்தான் கேட்க வேண்டும். சிறுசேரி முனை செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்ளேயே இருப்பதால், சதுரங்கப்பட்டினத்திலிருந்து செங்கல்பட்டைச் சுற்றிக்கொண்டு போகவும் வேண்டாம்.

அதுவரை பொறுக்க முடியாதவர்கள் வார நாளில் கிளம்புவது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில்கள் குறைவு. விம்கோ நகர் பணிமனையில் முடித்ததும் அதே மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, பூங்கா நிலையத்தில் செங்கல்பட்டு வண்டியைப் பிடியுங்கள். செங்கல்பட்டிலிருந்து சதுரங்கப்பட்டினத்துக்குக் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைக் காலையில் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.