சுருட்டுக் கொட்டிலும் தொழிலூக்கமும்

சில காலத்துக்கு முன்னர் யாழ்ப்பாண நகரிலுள்ள நிறுவனமொன்று தன் ஊழியருக்கான பயிலரங்கில் திருக்குறளின் ஊக்கமுடைமை அதிகாரம் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருந்தது. அவ்வதிகாரம் பொருட்பாலில் அரசியல் என்னும் பகுதியில் அமைந்தது. அதாவது, அங்கு ஊக்கம் வேண்டப்படுவது ஆள்வோனிடத்தேயன்றி ஏவல் செய்வோரிடத்தன்று. ஊழியரை ஊக்குவிக்க இவ்வதிகாரத்தைத் தெரிந்தெடுத்தோர் இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஊழியரை ஊக்கங் குன்றாது வைத்திருப்பது எவ்வாறு என்பது முகாமைத்துவத் துறையினரின் நிலையான வினாக்களுள் ஒன்று. 2009 இன் பின்னர் நிதி நிறுவனங்களும் பெருங்கடைகளும் குடாநாட்டிற் பெருகியதோடு இவ்வினாவும் இங்கு பரவலாயிற்று. வினா யாருடையது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். பிறர் உழைப்புச் சக்தியை விலைக்கு வாங்கியோர், வாங்கியது முழுமையாகக் கைக்கு வரவில்லை என்று உணரும் வேளையிலேயே இவ்வினா பிறக்கின்றது. 1911 இல் டெய்லர் வகுத்த விஞ்ஞான முகாமைத்துவம் தொழிலாளியின் அசைவுகளை மணிக்கூட்டால் அளந்து கூலியை அவ்வளவோடு பிணைத்தது. சிக்காகோவுக்கு அண்மையில் ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை நடைபெற்ற ஆய்வுகள், கூலிக்கு அப்பால் குழுவுறவும் முக்கியமானது என்ற கருத்தை வலுப்படுத்தின. அவற்றின் இறுதிக் கட்டத்திலே, கம்பி இணைக்கும் அறையிலிருந்த தொழிலாளர் தமக்குள் ஓர் அளவை வகுத்துக்கொண்டு அதற்கு மேல் உற்பத்தி செய்யாதிருந்தமை கண்டறியப்பட்டது. கூடுதலாகச் செய்தால் கூலி வீதம் குறைக்கப்படும் என அவர்கள் அஞ்சினர். ஊக்கமின்மை எனப் பெயரிடப்படுவது பல வேளைகளில் இத்தகைய கணக்கறிவே எனலாம்.

இவ்விடயத்தில் குடாநாட்டுக்கென இறக்குமதி செய்யப்படாத ஓர் அநுபவமும் உண்டு. கொக்குவில், கோண்டாவில் முதலிய ஊர்களிற் சுருட்டுக் கொட்டில்கள் பல இயங்கின. தென்னிலங்கைப் பட்டினங்களில் யாழ்ப்பாணத்தவர் நடத்திய கடைகள் அவற்றுக்குச் சந்தையாயின. சுற்றிய எண்ணிக்கைக்கே கூலி. எண்ணிக்கைக் கூலி முறையில் மேற்பார்வைக்கு ஆள் அதிகம் வேண்டியதில்லை; தொழிலாளியின் வயிறே மேற்பார்வை செய்யும். முதலாளித்துவ உற்பத்தி முறைக்கு மிகப் பொருந்திய கூலி வடிவமாக மார்க்ஸ் இதனை இனங்கண்டமை மனங்கொள்ளத்தக்கது. புகையிலையின் கார நெடியுள் நாள் முழுதும் குந்தியிருந்து ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் இத்தொழிலில், கையும் கண்ணும் முதலாளிக்குரியன. செவி மட்டுமே எஞ்சியிருந்தது.

அச்செவியைத் தொழிலாளர் வீணாக்கவில்லை. ஒருவர் பத்திரிகையையோ தொடர்கதையையோ உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டபடி சுருட்டுச் சுற்றினர். 1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் தோன்றிய பின்னர் இவ்வாசிப்புக்கு நாள்தோறும் புதிய பொருள் கிடைத்தது. 1959 இல் யாழ்ப்பாணத்திலிருந்தே ஈழநாடு வெளிவந்தது. என் பாட்டனார் கொக்குவிலிற் சுருட்டுச் சுற்றியவர். தம் பெயரை மட்டுமே எழுதத் தெரிந்தவர். எனினும் 1953 ஆம் ஆண்டு ஹர்த்தால் ஏன் மூண்டது என்பதை, அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்த கணக்கோடு, அவர் எடுத்துரைப்பார். எங்கே கற்றீர்கள் எனக் கேட்டால் ‘கொட்டிலிலை’ என்பார்.

இலக்கிய மாணவனுக்கு இவ்வாசிப்புப் புதுமையானதன்று. குடாநாட்டுக் கோயில்களில் நிலவிய கந்தபுராண படனத்தில் ஒருவர் பாட்டை வாசிக்க, கற்றறிந்த இன்னொருவர் பயன் சொல்வார். சபை கேட்டிருக்கும். அச்சபைக்குள் எல்லாச் சாதியினரும் அனுமதிக்கப்படவில்லை. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ வேண்டியிருந்தது. கொட்டில் வாசிப்பு அப்படன மரபின் வடிவத்தைக் கொண்டிருந்தபோதிலும் பயன் சொல்லும் அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைக்கவில்லை. கேட்டவர்களே இடைமறித்துப் பொருள் கூறினர், மறுத்தனர், சண்டையிட்டனர். எழுத்தறிவு குறைந்த பெருங்கூட்டமொன்று அச்செழுத்தின் வாசகராகியமை நமது இலக்கிய வரலாற்றில் உரிய இடத்தைப் பெறவில்லை. வாசகர் தொகையைப் பிரதிகளின் எண்ணிக்கை கொண்டு அளக்கும் வழக்கமே இதற்குக் காரணம்.

வாசிப்பு முதலாளிக்கும் பயன்பட்டதே என்று கூறப்படலாம். உண்மையே, கதை கேட்பவன் எழுந்து வெளியே போகான். ஆயினும் அப்பயனை முதலாளி எந்த அளவுக்குப் பொறுத்துக்கொள்வான் என்பதைக் கியூபா காட்டுகின்றது. ஹவானாவின் எல் ஃபிகாரோ சுருட்டுத் தொழிற்சாலையில் 1865 இல் வாசிப்புத் தொடங்கியது. வாசிப்போருக்குத் தொழிலாளர் தம் கூலியிலிருந்தே பணம் கொடுத்தனர். 1866 இல் ஸ்பானியக் குடியேற்ற ஆட்சி அதனைத் தடைசெய்தது. கியூபச் சுருட்டுத் தொழிலாளர் பெருந்தொகையாகக் குடியேறிய புளோரிடாவின் தம்பா நகரிலும் 1931 இல் முதலாளிகள் வாசிப்போரை நீக்கினர். தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பின்னர் அவ்விடத்தை வானொலி பிடித்துக்கொண்டது. வானொலிக்கு யாரும் கூலி கொடுக்க வேண்டியதில்லை, எதை வாசிப்பது என வாக்கெடுக்கவும் வேண்டியதில்லை.

வட கேரளத்துப் பீடித் தொழிலாளர் மத்தியிலும் இவ்வழக்கம் இருந்தது. வாசிப்பவரின் பங்குப் பீடிகளை ஏனையோர் சுற்றிக் கொடுத்தனர். 1966 ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, தனியார் நிறுவனங்கள் கண்ணூர்ப் பகுதியிலிருந்த தம் கூடங்களை மூடின. வேலையிழந்தோரைக் கொண்டு 1969 இல் தினேஷ் பீடிக் கூட்டுறவு அமைக்கப்பட்டது. அங்கும் அதே இலை, அதே அசைவு, எண்ணிக்கைக் கூலி. ஆனால் விடுமுறைச் சம்பளமும் மகப்பேற்று உதவியும் கிடைத்தன. நிருவாகிகளைத் தெரிவுசெய்யும் உரிமையும் தொழிலாளரிடம் இருந்தது. பிற்காலத்தில் பீடிப் பாவனை வீழ்ச்சியுற்றபோது குடை, உணவுப் பொருள் முதலியவற்றின் உற்பத்திக்கு அக்கூட்டுறவு திரும்பியது. சலிப்பூட்டும் வேலையைக் கூட்டுறவு இனிமையாக்கிவிட்டது எனக் கூறுவது மிகை. சலிப்பின் விலையை யார் நிர்ணயிப்பது என்பதை அது மாற்றியது.

நமது கொட்டில்கள் அந்நிலையை எய்தவில்லை. சிகரெட்டின் பரவல் ஒருபுறம். 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் தென்னிலங்கைக் கடைகளைச் சிதைத்தமை மறுபுறம். 1990 இன் பின்னர் பாதைகளும் அடைபட்டன. எஞ்சிய சிலவற்றில் இன்று கைத்தொலைபேசியின் ஒலியே கேட்கிறது.

அன்றைய பயிலரங்கில் இவற்றுட் சிலவற்றைக் கூறினேன். கலந்துரையாடலின்போது, கடன் வசூலிப்புப் பிரிவில் வேலைசெய்யும் இளம்பெண் ஒருவர் எழுந்து, “ஐயா, எங்களுக்குப் போடுற மாத இலக்கை, போட முதல் நாங்கள் எல்லாரும் இருந்து கதைச்சுப் பார்க்கலாமோ?” என்று கேட்டார். நான் அவரது முகாமையாளரைப் பார்த்தேன். அவர் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.