புறப்பாட்டுக்கு முதல் நாள் இரவு

ஹோட்டலின் வண்டித் தரிப்பிடத்தில் நூறு வரையான மோட்டார்ச் சைக்கிள்கள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிக் குந்தியிருப்போரிற் பலர் தலை நரைத்தவர்கள். ஒருவர் திருகாணியை முறுக்குகிறார். ஒருவர் மின்கம்பியை நாடாவாற் சுற்றுகிறார். மற்றொருவர் இருக்கைமீது செம்மறித் தோலை விரித்துக் கட்டுகிறார். புதிதாய்ப் பார்ப்பவர் இதை வண்டிச் சந்தையென்றே எண்ணுவர். ஆனால் மறுநாட் காலை இவர்கள் புறப்படவிருப்பது, 11 நாள்களில் 11,000 மைல் கடக்கும் பெரும் ஓட்டத்துக்கு.

அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு பத்துப் பேருடன் தொடங்கிய 'அயன் பட்' ஓட்டம் இது. இப்பொழுது ஈராண்டுக்கொரு முறை நடைபெற்று வருகிறது. அதன் பெயரை உள்ளவாறே தமிழ்ப்படுத்தக் கை கூசுகின்றது. 'இரும்பு ஆசனம்' என்று நாகரிகமாகக் கூறி அப்பாற் செல்வோம். 11,000 மைல் என்பது ஏறத்தாழ 17,700 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போய்த் திரும்பி, அதே நாளில் மீண்டும் ஒருமுறை போய்த் திரும்புவதாகக் கொள்ளுங்கள். அவ்வாறு பதினொரு நாள்!

இது முந்தி வருபவர் வெல்லும் பந்தயமன்று. நாடெங்கும் சிதறிக் கிடக்கும் இடங்கள் பலவற்றுக்குப் புள்ளிகள் விதிக்கப்பட்டிருக்கும். ஓட்டுநர் அங்கே சென்று, தமக்களிக்கப்பட்ட இலக்கமிட்ட கொடி தெரியும்படி நிழற்படம் பிடித்துவர வேண்டும். பெற்றோல் நிரப்பிய பற்றுச்சீட்டுகளைப் பேணிக் கணக்குக் காட்டவும் வேண்டும். குறித்த நேரத்துக்குள் முடிவிடத்தை அடையாதவருக்குப் புள்ளி குறையும். மிகப் பிந்தினால் ஓட்டமே கணக்கில் வராது.

ஆதலின், புறப்படுமுன் நடைபெறும் சோதனை கடுமையானது. பலர் பின்னிருக்கையை அகற்றி, அவ்விடத்தில் மேலதிகப் பெற்றோல் தாங்கியொன்றைப் பொருத்தியிருப்பர். இரு தாங்கிகளும் சேர்ந்து 11.5 அமெரிக்கக் கலன், அதாவது 43 லீற்றருக்குச் சற்று அதிகம், என்ற வரம்பைத் தாண்டலாகாது. மைல்மானியின் பிழையை அறிய, அளந்து வைத்த ஒரு பாதையில் ஒவ்வொருவரும் ஓட்டிக் காட்டுகின்றனர். காப்புறுதிப் பத்திரம் பார்க்கப்படுகின்றது. இவ்வளவு கண்டிப்புக்கு நடுவே, இத்தூரத்துக்குச் சற்றும் பொருந்தாத சிறிய வண்டியையோ, அருங்காட்சியகத்தில் இருக்கவேண்டிய பழைய வண்டியையோ கொண்டு வந்து நிற்பவரும் உளர். அவர்களுக்கு 'நம்பிக்கையற்ற வகுப்பு' என்று பெயர். அதை அவர்கள் பெருமையாகவே ஏற்றுக்கொள்கின்றனர்.

அவ்வகுப்பினரைவிட எனக்கு இரக்கம் தோன்றுவது, அந்தி வேளையிலும் வண்டியைப் பிரித்துப் போட்டிருப்பவர்மீதுதான். நீண்ட பயணத்துக்குச் சற்று முன் புதிய உபகரணம் எதையும் பூட்டாதீர், பழுதுபார்க்கும் வேலை எதையும் தொடாதீர் என்பது இவ்வோட்டத்தை நடத்தும் சங்கமே கூறும் அறிவுரை. காரணம் எளிது. இன்று பொருத்திய விளக்கின் கம்பி, சட்டத்தில் உரசித் தோல் தேய்ந்து மின்னொழுக்கு உண்டாக்குவதற்குச் சில நூறு மைல்கள் செல்லும். அப்பொழுது வண்டி நிற்பது ஹோட்டல் வாசலிலன்று. நெவாடாப் பாலைவனத்தின் நள்ளிரவில். பழைய குறையோடு வாழப் பழகியிருப்போம். புதிய குறையின் முகமே நமக்குத் தெரியாது. கலியாணத்துக்கு முதல் நாள் சுவருக்கு வெள்ளையடித்து, விருந்தினர் சட்டைகளிலெல்லாம் சுண்ணாம்பு பூசி அனுப்பும் வீட்டார் நம்மிடையேயும் இல்லாமலில்லை.

இரவு விருந்து முடிந்ததும் இடங்களின் பட்டியல் ஓட்டுநர் கைக்கு வருகின்றது. அதுவரை எத்திசையிற் போகப்போகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. பிறகு அறைக்கதவுகள் சாத்தப்படுகின்றன. கணினித் திரைகளில் நாட்டின் வரைபடம் விரிகின்றது. சில இடங்களைப் பகலில் மட்டுமே கொள்ளலாம். சிலவற்றை இரவில் மட்டுமே. தொலைவு கூடக் கூடப் பெரும்பாலும் புள்ளியும் கூடுகின்றது. 2001ஆம் ஆண்டு ஓட்டத்தில் அலாஸ்காவின் வடகோடியிலுள்ள புருடோ குடாவும் பட்டியலில் இருந்தது. ஆர்க்டிக் கடலோரம்வரை சரளைப் பாதையில் வாவென்று அழைத்த ஆசை அது!

அனுபவமில்லாதவர் எதைச் சேர்க்கலாம் என்று தேடுகின்றார். பழகியவரோ பேனாவைக் கொண்டு வெட்டத் தொடங்குகின்றார். மழை பெய்யும், நகரத்தில் நெரிசல் இருக்கும், ஒவ்வொரு முறை பெற்றோல் நிரப்பவும் நேரம் பிடிக்கும் என்பதெல்லாம் அவர் கணக்கில் உண்டு. முக்கியமாக, உறக்கத்துக்கும் அவர் கணக்கில் இடமுண்டு.

இந்த உறக்கத்தில்தான் உயிரே தங்கியிருக்கிறது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மதுசாரம் உள்ளவரின் தடுமாற்றத்துக்கு ஒப்பாகும் என்று 1997இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. விழித்த கண்ணோடே சில விநாடி உறங்கிப்போகும் ஓட்டுநரை, நான்கு சக்கர வண்டி ஒருவேளை மன்னிக்கும். இரண்டு சக்கரம் மன்னிப்பதில்லை. இவ்வோட்டத்தில் உயிரிழந்தோரும் உளர். ஆகவேதான் ஓய்வெடுத்ததற்கும் சான்று காட்டிப் புள்ளி பெற வழி வைத்திருக்கின்றனர். அறை கிடைக்காதபோது, வண்டியின் அருகே தரையிலோ, பூங்காவின் மேசைமீதோ தலைக்கவசத்தைக் கழற்றாமலே படுத்துவிடுவர். அதற்கு 'இரும்பு ஆசன விடுதி' என்று வேடிக்கைப் பெயர். பாரவூர்திச் சாரதிகள் வைத்திருக்கும், செத்தவரையும் எழுப்பக்கூடிய அலாரக் கடிகாரம் ஒன்று பக்கத்தில் இருக்கும்.

ஆனால் முதல் உறக்கம் இன்றைய இரவினது. அதைச் சாலையிற் சென்று ஈடுசெய்ய இயலாது. வரைபடத்தில் இன்னுமொரு சிறு திருத்தம், இன்னுமொரு நூறு புள்ளி என்று மணி ஒன்றாகி விடுகிறது, இரண்டாகி விடுகிறது. பதினொரு மணிக்கே மூன்றாம் மாடியில் ஓர் அறையின் விளக்கு அணைந்தது. கீழே தரிப்பிடத்தில், வாயிற் கைவிளக்கைக் கவ்வியபடி ஒருவர் வண்டிக்கு அடியிற் படுத்துக் கிடக்கின்றார். அவர் கையில் இன்னும் பொட்டலம் பிரிக்காத புதிய விளக்கு ஒன்று இருக்கின்றது.