பெரியாஸ்பத்திரிக்கு முன்னால்

வயது வந்தவர்கள் ஆயிரம் பேரை ஒரு மாதம் கவனித்தால் எத்தனை பேருக்கு உடம்புக்கு முடியாமல் போகும்? அமெரிக்க மருத்துவர் கெர் ஒயிட்டும் அவருடைய சகாக்களும் 1961-ல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். 750 பேருக்கு ஏதாவது ஒரு தொந்தரவு வரும். 250 பேர் மருத்துவரைப் பார்ப்பார்கள். 9 பேர் மருத்துவமனையில் படுப்பார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரைக்கும் போகிறவர் ஒரே ஒருவர். 2001-ல் அமெரிக்காவில் மறுபடி கணக்கெடுத்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை. கல்லூரி மருத்துவமனை வரை போகிறவர் எண்ணிக்கை ஒன்றுக்கும் கீழே இறங்கியிருந்தது.

நாடும் காலமும் வேறுதான். என்றாலும், நோய்களில் பெரும்பகுதி வீட்டுக்குப் பக்கத்திலேயே தீரக்கூடியவை என்பது நமக்கும் பொருந்தும். மருத்துவத்தைப் படிகளாகப் பிரித்து வைத்ததன் அடிப்படை இதுதான். 1920-ல் பிரிட்டனில் டாசன் பிரபுவின் அறிக்கை ஊர்தோறும் முதல்நிலை நிலையம், அதற்கு மேலே இரண்டாம் நிலை, உச்சியில் பயிற்சி மருத்துவமனை என்று வரைந்து காட்டியது. நம் நாட்டில் 1946-ல் ஜோசப் போர் குழு ஏறக்குறைய அதே வழியைச் சொன்னது.

இன்று சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் (பி.எச்.சி.) என்பது நாட்டின் விதிமுறை. மலைப்பகுதிகளில் 3,000, 20,000. அதற்கு மேலே தாலுகா அரசு மருத்துவமனை (ஜி.எச்.), மாவட்டத் தலைமை மருத்துவமனை, பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதல் படி எளிய நோய்க்கு, மேல்படி சிக்கலான நோய்க்கு. இவ்வளவு எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது, முதல் படியின் வேலையை மேல்படியால் செய்ய முடியாது என்பது.

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள ஒருவருக்குத் தேவை மாதம் தவறாத மாத்திரையும், விட்டுவிட்டால் கேட்க ஓர் ஆளும். பெரியாஸ்பத்திரியில் அவரை ஒவ்வொரு முறையும் வேறொரு மருத்துவர் பார்ப்பார். சீட்டு வாங்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, மாத்திரைக்கு ஒரு வரிசை. ஒரு நாள் கூலி போய்விடும். நாலாவது மாதம் வரமாட்டார். ஊரில் இருக்கும் நர்ஸம்மாவுக்கு அவர் வீடு தெரியும், வராத மாதம் போய்க் கேட்க முடியும். தமிழ்நாடு அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தப் பலத்தை நம்பித்தான் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. பி.எச்.சி. மாத்திரை மட்டம் என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் மருந்து வாங்கித் தருவது 1994-ல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்ற ஒரே அமைப்பு.

அவசரத்தில் இந்தக் கணக்கு மாறும். அங்கே இரண்டு விதமாகத் தவறு நடக்கிறது. முகம் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறி, ஒரு கை விழுந்துவிட்டால் அது பக்கவாதம். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்பு, அது அடைப்பா ரத்தக்கசிவா என்று சி.டி. ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். ஸ்கேன் இல்லாத இடத்தில் இறங்கி குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தால் அந்த நேரம் திரும்பி வராது. இங்கே கீழ்ப்படிகளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பாம்புக்கடிக்கு நேர்மாறு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதை இருப்பு வைத்துள்ள பக்கத்து பி.எச்.சி.யில் முதலில் மருந்தை ஏற்றிவிட்டு மேலே அனுப்புவதே முறை. அதைக் கடந்து பெரிய ஊருக்கு ஓடும் வழியிலேயே கட்டுவிரியன் விஷம் மூச்சை நிறுத்திவிடலாம். மாரடைப்பிலும் முதல் உதவி பக்கத்தில்தான். 2023-ல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கொடுத்துவிட்டு மேலே அனுப்புகிறார்கள். 108 ஆம்புலன்ஸை அழைத்தால் எந்த நோயாளியை எங்கே கொண்டுபோவது என்று வண்டியில் இருப்பவர்களுக்குத் தெரியும். சொந்தக் காரைவிட அது நல்லது.

மேலே ஏறுவதற்கு இருக்கிற வழி கீழே இறங்குவதற்கு அவ்வளவு சீராக இல்லை. நம் அமைப்பின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். பி.எச்.சி. பொது சுகாதாரத் துறையின் கீழ், தாலுகா ஜி.எச். மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ், கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். இப்படிப் பிரிந்து கிடப்பதால், ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தவருக்கு எந்த மாத்திரையை எத்தனை மாதம் தரவேண்டும் என்ற செய்தி ஊர் மருத்துவருக்குப் பெரும்பாலும் நோயாளியின் பையில் இருக்கும் டிஸ்சார்ஜ் சீட்டு வழியாகத்தான் வந்து சேர்கிறது. அந்தச் சீட்டு தொலைந்தால் சிகிச்சையும் அறுந்துபோகும்.

அதனால் வீட்டில் பழைய சீட்டுகளை ஒரே உறையில் போட்டு வையுங்கள். உங்கள் பி.எச்.சி. எங்கே, அங்கே இரவில் நர்ஸ் இருக்கிறாரா, சி.டி. ஸ்கேன் உள்ள பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரியாஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, அடுத்த மாத மாத்திரையை ஊரிலேயே வாங்கலாமா என்று கேட்டு எழுதி வாங்கி வாருங்கள்.